புரட்டாசிக் குவியல்

2026 ஜனவரி 21, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். ஏற்காட்டில் என்றால் எழுந்ததும் முதல் வேலை, எஸ்டேட் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் மழைமானியைப் பார்ப்பது. மழையே இல்லாத மாதத்திலும் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதுவேன். இருபத்து மூன்று வருடமாக ஒரு காப்பித் தோட்டத்தில் எழுத்தராக இருக்கிறவனுக்கு இது விடுப்பிலும் விடாது. நான் தங்கியிருந்தது வில்லியனூரில், என் மனைவியின் தம்பி வீட்டில். மழைமானி இல்லாததால் மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். ‘பனி. கிழக்கே மேகம். காற்று இல்லை’ என்று டைரியில் எழுதினேன். சவரம் செய்து, குளித்து, ஆறரைக்கு மூன்று இட்லி சாப்பிட்டேன். பையை ஒருமுறை வெளியே கொட்டிச் சரிபார்த்து மறுபடி அடுக்கினேன்: நோட்டு, இரண்டு பேனா, துண்டு, தண்ணீர், அரை மீட்டர் நீளத்தில் எஃகுக் கம்பி வைத்த ஒரு வெப்பமானி. காப்பிப் பழத்தோல் குவியலின் சூட்டை அளப்பதற்கு எஸ்டேட்டில் வைத்திருப்பது. பொருட்பதிவேட்டில் எண் 14. அனுமதி வாங்கித்தான் எடுத்து வந்தேன்.

முதல் நாள், 20ஆம் தேதி, ஏற்காட்டில் 7.15 பேருந்தைப் பிடித்து, சேலத்திலும் விழுப்புரத்திலும் மாறி, மாலை 4.40க்கு வில்லியனூர் வந்து சேர்ந்தேன். இவ்வளவு தூரம் வந்தது களையைப் பார்க்க. எங்கள் மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே உன்னிச்செடியும் பார்த்தீனியமும் ஆள் நுழைய முடியாதபடி வளர்கின்றன. எஸ்டேட்டில் களைக்கொல்லி அடிக்கிறோம். என் சொந்த ஒன்றரை ஏக்கரில் அதை அடிக்க எனக்கு மனம் இல்லை. அதில் ஒரு ஊற்று இருக்கிறது. சேலத்தில் நடந்த ஒரு விவசாயக் கூட்டத்தில், பாகூர்ப் பக்கத்து ஆரோக்கியமேரி என்ற பெண், பார்த்தீனியத்தைக் குவியல் போட்டு எருவாக்குவதைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். 12ஆம் தேதி கூப்பிட்டபோது “வாங்க சார்” என்றார். 18ஆம் தேதி அவரே கூப்பிட்டு, “இப்ப வராதீங்க சார், ஒரு மாசம் போவட்டும்” என்றார். நான் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். தேதி குறித்துவிட்டால் மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. அது நல்ல பழக்கம் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

7.35க்கு வில்லியனூரில் ஏம்பலம் போகும் தனியார் பேருந்து. கட்டணம் பதினைந்து ரூபாய், தூரம் சுமார் பத்து கிலோமீட்டர். சங்கராபரணிப் பாலத்தில் பனி இன்னும் விலகவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒரு கோடுபோல் ஓடியது, மீதி முழுக்க நாணல். பாலம் தாண்டியதும் இருபக்கமும் சம்பா நெல் சாய்ந்து கிடந்தது. அறுவடை இயந்திரம் ஒன்று சாலையோரம் நின்றது. அதன் பல்லில் வைக்கோல் தொங்கியது. வாய்க்கால் கரைகளில் வேலிக்காத்தான் முள் அடர்ந்திருந்தது. அதற்குக் கீழே இடைவெளி கிடைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பார்த்தீனியம் பூத்திருந்தது. எங்கள் ஊர்ச் செடியைவிட இங்கே ஒரு சாண் உயரம் அதிகம்.

8.10க்கு ஏம்பலம். அங்கிருந்து ஆட்டோ, எண்பது ரூபாய். நான் போன ஊரின் பெயரை எழுதவில்லை. பாகூர் ஏரிக்கு மேற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே தென்னந்தோப்புகள் அதிகம் இல்லை. பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

“இன்னா சார், எங்க போவணும்?” என்றார் ஓட்டுநர்.

“ஆரோக்கியமேரின்னு ஒருத்தர். தென்னந்தோப்புல எரு போடுறாங்களே.”

“மேரியக்காவா? தோப்பு ரங்கநாதன் அய்யாவுது சார். ஓரத்துல குப்ப போட்டுக்க எடம் வுட்டிருக்காரு, அவ்ளோதான்.”

“எரு நல்லா இருக்குமா?”

“அதுக்கின்னா சார். அய்யா வாழைக்குப் போட்டாரு. வாழையும் ஜோரா வருது, பார்த்தீனியமும் ஜோரா வருது.” தானே சிரித்தார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “எரு வாங்கவா வந்தீங்க? நான் சொன்னன்னு சொல்லிடாதீங்க. அக்கா நல்ல மாதிரி.”

8.35க்கு இறங்கினேன்.

தோப்பு இரண்டரை ஏக்கர். முன்னால் ரங்கநாதன் குடும்பம் வசிக்கும் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்புறத்தை ஒட்டி அரை ஏக்கரில் வாழை. வாழைக்கு அடுத்துத் தென்னை. தென்னையின் கடைசி வரிசைக்கு அப்பால், வாய்க்கால் ஓரம், மூன்று குவியல்கள். ஒவ்வொன்றும் பத்தடி நீளம், நான்கடி உயரம், மேலே தென்னை ஓலை மூடி இருந்தது. புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்த இரண்டு பெண்கள் ஒரு குவியலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தீனியம் பட்டால் தோல் தடித்துவிடும் என்பதற்காகச் சட்டை.

மூத்தவர்தான் ஆரோக்கியமேரி. நாற்பத்தாறு வயது. என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார்.

“இப்ப வராதீங்கன்னு சொன்னனே சார்.”

“லீவு எழுதிக் குடுத்துட்டேம்மா.”

“சரி. வந்துட்டீங்க. டீ குடிச்சீங்களா?”

இன்னொருவர் கஸ்தூரி. மேரியைவிடப் பத்து வயது இளையவர். “சாரு டீவியா?” என்று மேரியைக் கேட்டார்.

“இல்லடி. ஏற்காடு.”

“ஏற்காடா? மலையில இருந்து எறங்கிக் குப்பயப் பாக்க வந்தாரா? எங்க வூட்டுக்காரு அடுத்த தெருவுல இருந்துகினு ஒருநாள் எட்டிப் பாக்கல.”

இவர்கள் மொத்தம் நான்கு பேர், அன்று வந்திருந்தது இருவர். எல்லோரும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நடவு இயந்திரம் வந்தபின் வருடத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போயிற்று. மேரி எட்டு மாதம் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டினார். விடிவதற்கு முன் வேன் வரும். நாள் முழுக்க நின்றபடி வேலை. கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை என்றார். அதை விட்டுவிட்டுத்தான் இந்த எருவில் இறங்கினார். ரங்கநாதன் இடம் கொடுத்தார். அதற்கு வாடகை கிடையாது. குவியல் பக்குவமானதும் முதல் பங்கு அவருடைய மரங்களுக்கும் பயிருக்கும். மீதியை மூட்டை கட்டி விற்றுக்கொள்ளலாம். மூன்று வருடமாக இதில் ஒரு சிக்கலும் இல்லை.

செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பூப்பதற்கு முன் பிடுங்கிய பார்த்தீனியம் ஒரு முழம். அதன்மேல் ஏரியில் இருந்து அள்ளிய ஆகாயத்தாமரை, ஒரு நாள் வாட விட்டது. அதன்மேல் சாணிக் கரைசல். இப்படி நான்கடி வரும்வரை. ஐந்தாம் நாளில் உள்ளே சூடு ஏறும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். அறுபது நாளில் எரு. மேரி ஒவ்வொன்றாகச் சொன்னார், ஆனால் ஒப்பிக்கிற மாதிரி. சேலத்தில் பேசியபோது இருந்த குரல் இல்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “இதெல்லாம் எழுதி இன்னா பண்ணப் போறீங்க? தை கடைசியோட காலி பண்ணச் சொல்லிட்டாரு” என்றார்.

அன்று தை 7. மாசி பிறக்க மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

“வேற இடம்?”

“எங்க வூட்டு மனை ஒண்ணே கால் சென்ட்டு. மாடு கட்டவே எடம் இல்ல. ஏரிக்கரையில போட்டா எடுக்கச் சொல்லிடுவாங்க.” வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மறுபடி வேன்தான்.”

9.50க்கு வாழைத்தோட்டத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். மேரி வேலி வரை வந்தார், உள்ளே வரவில்லை. ரங்கநாதன் அவர்களைக் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். “நீங்க போய்ப் பாருங்க. உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

உள்ளே போனேன். வாழை இடுப்பளவு வளர்ந்து, இலை பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு வாழையைச் சுற்றியும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் பார்த்தீனியம். வட்டத்துக்கு வெளியே மண் வெறுமையாக இருந்தது. குழியில் எரு எங்கே விழுந்ததோ அங்கே மட்டும், யாரோ விதைத்துத் தண்ணீர் விட்டதுபோல் முளைத்திருந்தது. பத்துக் குழிகளை எண்ணினேன். 137 செடிகள். அவற்றில் 19 மொட்டு விட்டிருந்தன. இரண்டு வரிசைகளுக்கு இடையே இருந்த வெறும் மண்ணில் அதே நீளத்துக்கு எண்ணினேன். மூன்று. வாழை மொத்தம் 220. பெருக்கிப் பார்க்காமலே நோட்டை மூடினேன். மொட்டு விட்டவை பத்து நாளில் பூத்துவிடும். பூத்து விதை விழுந்தால் அரை ஏக்கரும் இன்னும் சில வருடங்களுக்கு இந்தச் செடிக்குத்தான்.

வீட்டுப் பின்கட்டில் யாரோ இருமினார்கள். விட்டு விட்டு, நீளமான இருமல். வேலிக்குத் திரும்பியபோது மேரி சொன்னார்: “அய்யா வூட்டம்மா. அவங்களுக்கு இந்தச் செடி ஆவாது. மூச்சு எரைக்கும்.”

கார்த்திகைக் கடைசியில் ரங்கநாதன் ஆள் வைத்து ஒருமுறை கொத்திவிட்டிருக்கிறார். மார்கழி ஈரத்தில் மறுபடி முளைத்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் காலி செய்யச் சொன்னது.

10.40. கடைசியாகப் போட்ட குவியலில் வெப்பமானியைச் செருகினேன். முழங்கை ஆழத்தில் 61 பாகை. மற்ற இரண்டும் பழையவை, 36, 34. ஒரு குவியல் 61 வரை ஏறுகிறது என்றால் இவர்களுக்கு வேலை தெரியும் என்று அர்த்தம். அந்தச் சூட்டில் சில நாள் இருந்தால் விதை பிழைக்காது. பிறகு அந்த ஒரு தவணை எரு மட்டும் எப்படிக் கெட்டது? இதைத்தான் கேட்டேன்.

மேரி ஓலையைச் சரிசெய்தார். கஸ்தூரி என் வெப்பமானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது இன்னா, குவியலுக்கு ஜொரம் பாக்கறதா? நாங்க முட்ட வெச்சிப் பாப்போம் சார்.”

“முட்டையா?”

“ஆமா. அஞ்சாம் நாளு காத்தால ஒரு முட்டயத் துணியில கட்டி, கை போற ஆழத்துல பொதைப்போம். மதியம் எடுத்து ஒடச்சிப் பாப்போம். வெள்ள கட்டியிருந்தா சூடு பத்தும். கொழகொழன்னு இருந்தா பத்தாது, புரட்டிப் போட்டு, சாணி ஊத்தி, மறுபடி வெக்கணும். வெந்தத நான் துன்னுடுவேன். மேரியக்காவுக்கு நாத்தம் புடிக்காது.”

கோழிமுட்டையின் வெள்ளைக் கரு கட்டுவதற்கு அறுபதுக்கு மேல் சூடு வேண்டும். மூன்று வருடமாக இவர்களுடைய வெப்பமானி அதுதான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, மேரியே ஒருநாள் வைத்துப் பார்த்ததாம்.

“அப்ப அந்தக் குவியலுக்கும் வச்சிருப்பீங்களே?”

“அது புரட்டாசிக் குவியலு சார்,” என்றார் கஸ்தூரி.

“சும்மா இருடி,” என்றார் மேரி.

“நான் இன்னா இல்லாததயா சொல்றேன்?”

பிறகு மேரியே சொன்னார். ரங்கநாதன் வீட்டில் புரட்டாசி முழுவதும் விரதம். வீட்டுக்குள் மீன், முட்டை எதுவும் நுழையாது. மாதப் பிறப்பன்று அவர் தோப்புக்கு வந்து, ‘மேரி, இந்த மாசம் மட்டும் தோப்புக்குள்ள முட்ட வேணாம்மா’ என்று சொன்னார்.

“நல்லவிதமாத்தான் சொன்னாரு. சரிங்கய்யான்னுட்டேன். அவரு எடம். முந்தின ரெண்டு வருசமும் புரட்டாசியில குவியலு புதுசா போடல, அதனால பிரச்சன வரல. இந்த வருசம் வாழைக்கு எரு கேட்டாரு, போட்டோம்.”

“முட்டய அவங்க அவங்க வூட்ல வெச்சிப் பாக்கலாம்னேன்,” என்றார் கஸ்தூரி.

“குவியலு இங்க இருக்குது. முட்ட வூட்ல வெந்தா இன்னாடி தெரியும்?” மேரிக்கே லேசாகச் சிரிப்பு வந்தது, உடனே போயிற்று. “கைய வுட்டுப் பாத்தேன் சார். சூடு இருந்துச்சி. ஆனா வெடுக்குனு இழுத்துக்கற சூடு இல்ல. அப்ப ரெண்டு நாளு நல்ல மழ. அடியில தண்ணி நின்னுடுச்சி. செடியும் பாதி பூ வுட்டது. எப்படியும் சூட்டுல வெதை செத்துடும்ன்ற தைரியத்துல பூ வுட்டதயும் போட்டுட்டோம்.”

“பத்தாதுன்னு தெரிஞ்சுமா குடுத்தீங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். அவர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வாழைக்கன்னு வந்து எறங்கிடுச்சி. குழி வெட்டி வெச்சிட்டாரு. எரு எங்க மேரின்னு மூணு நாளா கேட்டாரு. இன்னும் பக்குவம் வரலன்னு சொன்னா, ஏன் வரலன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா முட்டயச் சொல்லணும். அவரு விரதத்தக் கொற சொன்ன மாதிரி ஆயிடும். நான் வேற சாமி கும்புடறவ.” சற்று நிறுத்தினார். “கைக்குத் தெரிஞ்சுது சார். வாய்க்கு வரல.”

நோட்டில் இதை எழுதவில்லை. பிறகு நினைவில் இருந்துதான் எழுதுகிறேன்.

மதியம் அவர்கள் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்த சோறும் கருவாட்டுக் குழம்பும். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். தோப்புக்கு வெளியே, வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். உள்ளே உட்காரலாமே என்றேன். எப்போதும் இங்கேதான் என்றார் கஸ்தூரி.

3.15க்கு ரங்கநாதன் டிவிஎஸ் வண்டியில் வந்தார். அறுபது வயது, வெள்ளை வேட்டி, நெற்றியில் மெல்லிய ஒற்றைத் திருமண் கோடு. என்னிடம் மரியாதையாகப் பேசினார். ஏற்காட்டில் மழை எப்படி என்று விசாரித்தார். இளநீர் ஒன்றை அவரே வெட்டிக் கொடுத்தார். மேரியும் கஸ்தூரியும் எழுந்து நின்றிருந்தார்கள்.

“வாழைத்தோட்டத்தப் பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“ஏன் இப்படி ஆச்சின்னு இந்தப் பொண்ண நாலு வாட்டி கேட்டேன். என் தப்புங்கய்யா, என் தப்புங்கய்யான்றா. இன்னா தப்புன்னா பதில் இல்ல. நீங்க படிச்சவரு, தோட்டத்துல வேல செய்றவரு. நீங்க சொல்லுங்க.”

மேரி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையில் ஒரு பகுதியைச் சொன்னேன்: “அந்தக் குவியல் போதுமான அளவு சூடாகல. அதனால விதை சாகல.”

“மத்ததெல்லாம் சூடாச்சி. அது சூடாவலன்னு இதுங்களுக்குத் தெரியாதா?”

“முட்ட வெச்சாத்தாங்க தெரியும்,” என்றார் கஸ்தூரி.

ரங்கநாதன் அவரைப் பார்த்தார். பிறகு மேரியைப் பார்த்தார். அவருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியது முகத்தில் தெரிந்தது.

“நான் முட்டயத்தான் வேணாம்னேன். எருவப் பாக்காமக் குடுன்னா சொன்னேன்?”

“இல்லிங்கய்யா.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஐப்பசியில முட்ட வெச்சிப் பாத்துட்டே குடுன்னிருப்பேன். கன்ன நெழல்ல போட்டு வெச்சிருப்பேன்.”

“சொல்லியிருக்கணுங்கய்யா.”

“எனக்குக் கோவம் வரும்னு நெனச்சியா?”

வாழைப் பக்கத்தில் இருந்து அந்த இருமல் கேட்டது. ரங்கநாதன் அது முடியும்வரை காத்திருந்தார்.

“வந்திருக்கும்தான்,” என்றார், யாரிடமும் சொல்லாததுபோல்.

அத்துடன் மனம் இளகிவிடும் என்று நினைத்தேன். இளகவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: தை கடைசியோடு இடத்தைக் காலி செய்துவிட வேண்டும், அதில் மாற்றம் இல்லை. வீட்டில் மனைவியால் இப்போதே படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்குகிறாள், பூத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. நாளைக் காலையில் வந்து செடியைப் பிடுங்குவதானால் பிடுங்கலாம். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கியதை வெளியே எங்கும் கொட்டக் கூடாது.

“எங்கங்கய்யா கொட்றது?” என்றார் மேரி.

அவர் யோசித்தார். “அந்தச் சூட்டுக் குவியல்லயே போடு. பிரிச்சி, நடுவுல போட்டு மூடு. அதோட சரி.”

“அது மக்கறதுக்குப் பங்குனி ஆயிடுங்கய்யா.”

அவர் வண்டியைக் கிளப்பினார். இதற்குப் பதில் சொன்னாரா, சொல்லாமலே போனாரா என்று எனக்குக் கேட்கவில்லை. மேரியைக் கேட்டேன். “ஒண்ணும் சொல்லல சார்” என்றார். கஸ்தூரி, “வேணாம்னும் சொல்லலியே” என்றார்.

4.20. புறப்படுவதற்கு முன் வெப்பமானியைத் துடைத்து உறையில் போட்டேன். கஸ்தூரி பார்த்துக்கொண்டே இருந்தார். “அத எங்ககிட்டக் குடுத்துட்டுப் போங்க சார். புரட்டாசிக்கு ஒதவும்.”

“அடுத்த புரட்டாசிக்கு நாம எங்க இருக்கப் போறமோ,” என்றார் மேரி.

“இது எஸ்டேட் பொருள்மா, பதிவேட்டுல இருக்கு,” என்றேன். உண்மைதான். உண்மையாக இருந்தும் சொல்லும்போது நாக்கு கூசியது. ஆட்டோ வரும்வரை நான்கு தடவை அந்த உறையின் பொத்தானைப் போட்டுக் கழற்றினேன்.

6.05க்கு வில்லியனூர். இரவுச் சாப்பாட்டுக்கு முன் டைரி எழுத உட்கார்ந்தேன். எங்கள் தோட்டத்தில் களையைப் பற்றி எழுதாத விஷயம் இல்லை. எந்தப் பகுதி, எந்த மருந்து, எத்தனை லிட்டர், எத்தனை ஆள், எத்தனை மணி, எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரே ஒரு நாளைத் தவிர. மூன்று வருடத்துக்கு முன் கீழ்ப் பகுதியில், ஓடைக்கு மேலே, அடிக்கக் கூடாத இடத்தில் களைக்கொல்லி அடித்தார்கள். மேலாளர் என்னிடம் நல்லவிதமாகத்தான் சொன்னார், ‘இன்னைக்கு ஒரு நாள் எழுத வேண்டாமே’ என்று. எழுதவில்லை. அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது. ஓடைக்குக் கீழே இருக்கும் குடியிருப்புக்காரர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்ததில்லை. மேரியிடம் ‘தெரிஞ்சுமா குடுத்தீங்க’ என்று கேட்ட வாய் என்னுடையது.

மறுநாளைய திட்டத்தில் காலை 8.45க்கு விழுப்புரம் பேருந்து என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, மதியம் 1.30 என்று எழுதினேன். மைத்துனன் மனைவி, “அண்ணன் தேதி மாத்தி நான் பாத்ததே இல்ல” என்றாள்.

ஜனவரி 22, வியாழக்கிழமை. காலை 4.30க்கு எழுந்தேன். மாடிக்குப் போகவில்லை. வானத்தைப் பற்றி அன்று எதுவும் எழுதவில்லை. மைத்துனனின் வண்டியில் போனதால் 6.15க்கே ஊர் எல்லை. பனியில் எதிரே ஒரு வேன் முகப்பு விளக்கோடு போயிற்று. உள்ளே பெண்கள் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சேதராப்பட்டு வேன்.

தோப்பு வாசலில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காவது ஆள் அந்த வேனில் ஏறிவிட்டாள் என்று கஸ்தூரி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

எல்லோர் கையிலும் கோணி இருந்தது. ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. மேரி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். முந்தானையில் எதையோ முடிந்திருந்தார். முட்டை. கடை திறந்ததும் வாங்கியது.

“நேத்துதான் அறுபத்தொண்ணு இருந்துச்சேம்மா. வேணும்னா மறுபடி பார்த்துச் சொல்றேன்,” என்றேன்.

“நீங்க மத்தியானம் போயிடுவீங்க சார். எங்களுக்கு முட்டதான்.”

6.40க்கு ரங்கநாதன் வீட்டில் இருந்து நடந்து வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். இரவு தூங்காத கண். மேரி நிற்பதைப் பார்த்துக் கேட்டுக்கு உள்பக்கமே நின்றுவிட்டார்.

“இன்னா மேரி, நின்னுகினு இருக்க?”

“முட்ட வெக்கட்டுங்களாய்யா?”

அவர் முந்தானை முடிச்சைப் பார்த்தார். “தை மாசந்தான நடக்குது?”

“ஆமாங்கய்யா.”

“அப்புறம் எதுக்குக் கேக்கற?”

“கேட்டுட்டே வெக்கறேன்.”

ரங்கநாதன் கேட்டைத் திறந்து ஒதுங்கி நின்றார்.

மேரி நேராகக் குவியலுக்குப் போனார். ஓலையை விலக்கி, கையை முழங்கை வரை விட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடி விட்டுப் பள்ளம் பறித்து, துணியில் கட்டிய முட்டையை உள்ளே வைத்து மூடி, அடையாளத்துக்கு ஒரு ஈர்க்குச்சியைச் செருகினார். 6.52. அதற்குப் பிறகுதான் நாங்கள் வாழைத்தோட்டத்துக்குப் போய் முதல் செடியைப் பிடுங்கினோம்.